ஈஜிஆர் வால்வு: புதிது வாங்கும் முன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. வண்டி இழுக்கவில்லை, நின்றால் கிடுகிடுவென்று ஆடுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கறுப்பாகப் புகை, கூடவே மஞ்சள் எஞ்சின் விளக்கு. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "அண்ணாச்சி, ஈஜிஆர் போயிட்டு, புதுசு போட்டிருவோம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் வால்வு போகவே இல்லை, உள்ளே சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குக் கரி அடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இரண்டு டப்பா கார்ப் கிளீனரும் (கரியைக் கரைக்கும் ஸ்பிரே) செலவானது. அதே வால்வுதான் இன்றைக்கும் வண்டியில் ஓடுகிறது.

சைலென்சர் பக்கம் போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுகிற கதவுதான் இந்த ஈஜிஆர், அதாவது புகை மறுசுழற்சி வால்வு. அப்படி விட்டால் உள்ளே எரிகிற சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாகும். ஆனால் அந்தப் புகையோடு வருகிற கரியும், இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், ஏற்கெனவே படிந்திருக்கும் எஞ்சின் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைக்கிற வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் மட்டுமே போய் வந்து, ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிற வண்டி என்றால் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

முதலில் ஸ்கேனர் போடுங்கள், வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி அது. பி0401 வந்தால் புகை போதுமான அளவு போகவில்லை, பெரும்பாலும் அடைப்பு. பி0402 என்றால் தேவைக்கு மேல் போகிறது, அதாவது வால்வு சரியாக மூடவில்லை. பி0403 என்றால் மின்சுற்றுக் கோளாறு, வயரையும் கப்ளரையும் (வயரை வால்வில் மாட்டும் இணைப்பு) பாருங்கள், எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு. பழைய வண்டிகளில் வால்வு வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில் இயங்கும், அதில் அந்தச் சின்ன ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே தொந்தரவுதான் வரும். ஹோஸுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைக் காசை விட்டுவிட்டு வால்வுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

சரி, கழற்றுவோம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மதியம் நிறுத்திய வண்டி லேசில் ஆறாது, அதனால் இரவே நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள். இரவே போல்ட்டுகளின் தலையில் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வைத்தால் காலையில் பாதி வேலை மிச்சம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கப்ளரைப் பூட்டை அழுத்தி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சில வண்டிகளில் வால்வோடு புகையைக் குளிர்விக்கும் கூலரும் சேர்ந்திருக்கும், அப்படியானால் கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை) முதலில் வடித்துக்கொள்ள வேண்டும். போல்ட் அசையவில்லை என்றால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். அலுமினியத்துக்குள் உடைந்த போல்ட்டை எடுப்பது வால்வு மாற்றுவதைவிடப் பெரிய செலவு.

வால்வு கையில் வந்ததும் இன்டேக் துளையைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு கரிக்கட்டி உள்ளே விழுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. மாஸ்க், கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், பீடி சிகரெட் அந்தப் பக்கமே வரக் கூடாது, கிளீனர் சட்டென்று தீப்பிடிக்கும்.

கரி இருக்கும் பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்து ஸ்பிரே அடியுங்கள். மேலே பார்க்கப் பிடித்தால் திரவம் வால்வை இயக்கும் சின்ன மின்மோட்டாருக்குள் இறங்கிவிடும், அதோடு வால்வு நிஜமாகவே போய்விடும். பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷும் மூங்கில் குச்சியும் வைத்துச் சுரண்டுங்கள். முதலில் கறுப்புக் குழம்பாக வழியும், மூன்றாவது நான்காவது தடவைக்கு அப்புறம்தான் உலோகம் தெரியும். வால்வு உட்காருகிற விளிம்பை இரும்பு பிரஷால் தேய்க்க வேண்டாம், கீறல் விழுந்தால் மூடாது. மின்மோட்டாரில் இயங்கும் வால்வை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கவும் கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தால் உடைந்துபோகும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வால்வின் வாய்ப்பக்கத்தில் நான்கைந்து சொட்டு டீசல் விட்டுப் பாருங்கள். ஒழுகாமல் நின்றால் நன்றாக மூடுகிறது என்று அர்த்தம். ஒழுகினாலோ, தண்டு பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினாலோ, ஸ்கேனரில் திறக்கச் சொன்ன அளவும் திறந்த அளவும் பொருந்தவே இல்லை என்றாலோ, அப்போது புதிதுதான். பழையதில் இருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

வால்வுக்குப் புகை வரும் வழியையே "தகடு வைத்து அடைச்சிருவோம் அண்ணாச்சி" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடு அங்கே மாட்டாது என்பது உண்மைதான். மாட்டாவிட்டாலும் அது நம் தெருவில், நம் பிள்ளைகள் மூச்சுக்குள்தான் போகிறது. சட்டப்படியும் தவறு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் எஞ்சின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டை, அதாவது வால்வுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகட்டை, திரும்பப் போடாதீர்கள். துணியை எடுத்துவிட்டோமா என்று இரண்டு தடவை பாருங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கூலண்டை நிரப்பி, பழைய கோளாறுக் குறியீடுகளை ஸ்கேனரில் அழியுங்கள். சில வண்டிகளில் புது வால்வை ஸ்கேனர் வழியாகப் பழக்கவும் வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகை வரும், மிச்சமிருக்கும் கிளீனர் எரிவதுதான், பயப்பட வேண்டாம்.

அப்புறம் நாலு வழிச்சாலையில் நாங்குநேரி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள், எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். இரண்டு நாள் கழித்து எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து கேஸ்கெட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அங்கே புகை கசிகிறது, போல்ட்டை இன்னும் கால் திருகு இறுக்க வேண்டும்.