உங்கள் வார்ட் பொலிஸும் நீங்களும்

இங்கிலாந்துக்கு வந்து வீடு எடுத்ததும் ஜிபியில் (குடும்ப மருத்துவரிடம்) பதிவது, கவுன்சில் வரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் இருக்கும். உங்கள் பகுதிக்கென்றே ஒரு பொலிஸ் குழு இருக்கிறது என்பதை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை. பொலிஸ் நிலையப் படி ஏறவே யோசிக்கும் வழக்கத்தில் வந்தவர்கள் நாம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொலிஸ் டொட் யூகே இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழுவில் யார் யார், எப்படித் தொடர்புகொள்வது, அடுத்த கூட்டம் எப்போது, இப்போது எந்தப் பிரச்சினையைக் கவனிக்கிறார்கள் என்பதெல்லாம் வரும். குற்ற வரைபடமும் இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் உள்ள புள்ளிகள் சரியான வீட்டைக் காட்டுவதில்லை, கிட்டத்தட்ட இருக்கும் இடத்தைத்தான் காட்டும். கடைத்தெருப் பக்கம் கடைக் களவுகளே எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

தெருவில் நடந்து திரிபவர்களில் சிலர் பி.சி.எஸ்.ஓ. எனப்படும் சமூக உதவி அலுவலர்கள். 2002இல் வந்த சட்டத்தால் உருவான பதவி இது. பொலிஸுக்குரிய கைது அதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆனால் எந்தச் சந்தில் என்ன நடக்கிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். கண்டால் ஒரு ஹலோ சொல்லுங்கள், பேசுவார்கள்.

இனி முக்கியமான விஷயம். லண்டனில் ஒவ்வொரு வார்டிலும், அதாவது கவுன்சில் தேர்தலுக்காகப் பிரித்த சிறு பகுதியிலும், அங்கே வசிப்பவர்களைக் கொண்ட ‘வார்ட் பனல்’ என்ற குழு இருக்கும். வார்ட் பொலிஸ் எதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்று கூடிப் பேசி, முன்னுரிமைகளைத் தீர்மானிப்பது இந்தக் குழுதான். மற்ற ஊர்களிலும் வேறு பெயர்களில் இப்படிக் கூட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் வருவது ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, நேரம் ஒதுக்கி வருகிறார்கள். ஆனால் வந்தவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதுதானே பட்டியலில் ஏறும்? வேகமாக ஓடும் கார்கள், பார்க்கில் கூச்சல் என்று போய்விடும். நகைக்களவு நம் வீடுகளில் நடந்தும், சொல்ல அங்கே ஆள் இல்லை என்றால் அது ஏறாது. ஷிப்ட் வேலையால் போக முடியாவிட்டால் வார்ட் பொலிஸ் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரே விஷயத்தை எழுதினாலே பேச்சு மாறும் என்பது என் எண்ணம்.

நகை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தெற்காசியக் குடும்பங்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். தீபாவளி நேரத்தில் பொலிஸே எச்சரிக்கை விடுகிறது. அதனால் கோவிலுக்கோ கலியாணத்துக்கோ நகை போட்டுக்கொண்டு போன படத்தை அங்கே இருக்கும்போதே முகநூலில் போடாதீர்கள், வீடு காலி என்று அறிவிப்பது போலாகிவிடும். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து வைத்திருங்கள். வீட்டு இன்சூரன்ஸில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைப்பது வழக்கம். தாலிக்கொடியைத் தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால் முழுப் பணம் வராது. களவு போனால் பொலிஸ் தரும் குற்றப் பதிவு இலக்கத்தையும் இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.

“போன சாமான் வரப்போவதில்லை, எதற்கு அறிவிப்பு?” என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். அறிவிக்காத களவு கணக்கில் வராது. கணக்கில் இல்லாத தெருவுக்கு ரோந்தும் குறைவாகத்தான் இருக்கும்.

திருடன் உள்ளே இருந்தால், உயிருக்கு ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து அழைத்தால், கேட்கும்போது 55ஐ அழுத்துங்கள், பொலிஸுக்கு இணைப்பார்கள். நடந்து முடிந்த களவுக்கு 101 அல்லது இணையத்தில் அறிவிப்பு. இரண்டு இலக்கங்களுக்கும் கட்டணம் இல்லை. ஆங்கிலம் தடுமாறினால் “தமிழ்” என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் சேர்ப்பார்கள். பெயர் சொல்லாமல் தகவல் தர கிரைம்ஸ்டொப்பர்ஸ், 0800 555 111.

பொலிஸ் என்று சொல்லி யாராவது போன் எடுத்து வங்கி பின் இலக்கம் கேட்டாலோ, கார்டையும் காசையும் எடுத்துப்போக ஆள் வரும் என்றாலோ அது மோசடி. உண்மையான பொலிஸ் ஒருபோதும் அப்படிக் கேட்பதில்லை. வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம், ரோட்டில் கொட்டிய குப்பை இதெல்லாம் கவுன்சில் வேலை. தொல்லையைப் பலமுறை அறிவித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுபரிசீலனை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு முறை அறிவித்த தேதியையும் பதிவு இலக்கத்தையும் குறித்து வைத்திருங்கள், அப்போது கேட்பார்கள்.