நிலக்கடலையில் அஃப்லாடாக்சின்: காய்ந்த காயைக் கெடுக்கும் தவறுகள்

உடைப்பு மிஷினில் போடும் முன் காய் மேல் தண்ணீர் தெளிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். பருப்பு இரண்டாகப் பிளக்காது, எடையும் நிற்கும் என்று தெளிக்கிறார்கள். அந்த ஈரம் ஓட்டைத் தாண்டிப் பருப்பில் இறங்குகிறது. உடைத்த கையோடு சாக்கில் கட்டினால், மூட்டைக்குள் சூடும் ஈரமும் சேர்ந்து ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சணம் பிடிக்கும். அது சுரக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்ததற்குக் கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம். தெளிப்பதை விட்டுவிட்டு, பருப்பு பிளக்காமல் இருக்க, மிஷினில் காயின் பருமனுக்கு ஏற்ற சல்லடை போடுங்கள். ஏற்கெனவே தெளித்துவிட்டால், பருப்பை மறுபடி காயவைக்காமல் மூட்டை கட்டவே கூடாது.

காய் 8 சதவீத ஈரத்துக்கும் பருப்பு 7 சதவீதத்துக்கும் இறங்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் காயைக் குலுக்கிப் பாருங்கள், பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும்.

வயலிலேயே தொடங்கும் தவறுகளும் உண்டு. கடைசி மூன்று, நான்கு வாரம் செடி வாடினால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சணம் காயில் ஏறும். கைவசம் தண்ணீர் இருந்தால் அப்போது ஒரு பாசனம் கொடுங்கள். பிடுங்கிய செடியைப் பச்சையாகக் குவிக்காமல், காய் மேலே பார்க்கத் திருப்பிப் பரப்புங்கள். கரையான் அரித்த காய், களைக்கொத்து பட்ட காய் எல்லாம் தனியே போகட்டும்.

கழித்த சொத்தைப் பருப்பைச் செக்குக்கு அனுப்புவது வீட்டுக்குள் நஞ்சைக் கொண்டுவருவதுதான். ரீஃபைன் செய்யும்போது காரம் சேர்ப்பதால் நஞ்சு பெரும்பாலும் நீங்கும். செக்கெண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. பிண்ணாக்கில் இன்னும் அதிகம் தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பாலில் அந்த நஞ்சு அஃப்லாடாக்சின் எம்1 என்ற வடிவில் வெளிவரும். வறுத்தாலும் முழுசாக அழியாது.

மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும் பயன்படாது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புக்கு நடுவே ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். பல மூட்டைகளில், மேல், நடு, அடி எனக் குத்தூசியால் எடுத்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்த பிறகே மாதிரி பிரியுங்கள்.