அரண்மனையும் மந்திரமும் கலந்து முதல் கதை எழுதுவது எப்படி?

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுத உட்காருகிற பலரும் முதலில் வரைபடம்தான் போடுகிறார்கள். ஏழு நாடு, பன்னிரண்டு மலை, மூவாயிரம் வருட வரலாறு என்று நோட்டு நிரம்பிவிடும், கதை மட்டும் தொடங்கியிருக்காது. நாட்டை விடுங்கள், ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

படி 1: உண்மையான அரச குடும்பம் ஒன்றை எடுங்கள்

நான் எடுத்துக்கொள்வது முகலாய இளவரசி ஜஹானாராவை. 1631-ல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் அம்மா மும்தாஜ் இறந்தபோது அவருக்கு வயது 17. அப்பா ஷாஜகான் துக்கத்தில் ஒடுங்கிவிட, அந்தப்புரத்தின் பொறுப்பு இந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது, அரச முத்திரையும் அவர் கைக்கு வந்தது. 1658-ல் அரியணைக்காகத் தம்பி ஔரங்கசீப், அப்பா இருந்த ஆக்ரா கோட்டையை முற்றுகையிட்டு, யமுனையிலிருந்து உள்ளே போகிற தண்ணீரை நிறுத்தினார். ஜஹானாரா நேரில் போய், நான்கு சகோதரர்களும் பேரரசைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. தங்கை ரோஷனாரா ஔரங்கசீப் பக்கம் நின்றார். ஜஹானாராவோ சிறைப்பட்ட அப்பாவோடு கோட்டைக்குள்ளேயே, 1666-ல் அவர் கண்மூடும் வரை இருந்தார்.

இனி பெயர்கள், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். முத்திரையோடு நிற்கிற 17 வயதுப் பெண்ணும், அப்பாவும், ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற உடன்பிறப்புகளும் மிஞ்சினால் போதும். பிற்பாடு நடந்த சண்டையையும் அவளுடைய 17 வயதுக்கே இழுத்து வந்துவிடலாம், கதைதானே.

படி 2: பாசத்தை இரண்டாகப் பிளங்கள்

குடும்பத்துக்கு உண்மையாக இருப்பவள் என்று மட்டும் எழுதினால் கதை நகராது. குடும்பத்தில் யாருக்கு உண்மையாக? அப்பாவைக் காப்பாற்றினால் தம்பி சாவான், தம்பியை விட்டால் அண்ணன் தலை போகும், அப்படி ஒரு இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அப்புறம் தங்கையின் வாயால் ஒரு பக்கம் எழுதுங்கள், அதில் தங்கை சொல்வதுதான் நியாயம் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். தோன்றவில்லையா, அவளைத் திரும்ப எழுதுங்கள்.

படி 3: மந்திரம் ஒன்றே ஒன்று, அதற்கு ஒரு விலை

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். நெருப்பு, காற்று, பறக்கும் குதிரை என்று அடுக்காமல், கதையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருளுக்கு மந்திரத்தைக் கொடுங்கள். நம்மிடம் முத்திரை இருக்கிறது. அதை அழுத்திய ஓலையை யார் படித்தாலும் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும், இது விதி. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், அழுத்தியவளுக்கு உறவில் ஒருவரின் குரல் மறந்துபோகும், இது விலை. முதலில் போவது செத்துப்போன அம்மாவின் குரல், அவள் இரவில் நினைத்து நினைத்துத் தூங்குகிற அந்தத் தாலாட்டோடு சேர்த்து. இப்போது தம்பியைத் தடுக்க ஓர் ஓலை போதும், ஆனால் அடுத்த குரல் அப்பாவுடையது. இரண்டாம் படியில் போட்ட முடிச்சை இந்த விலை இறுக்குகிறதா என்று பாருங்கள். இறுக்கவில்லை என்றால் மந்திரத்தை மாற்றுங்கள், குடும்பத்தை மாற்றாதீர்கள்.

படி 4: அரசவைக்கு ஒரு தினசரிப் பழக்கம்

தூண், திரைச்சீலை வர்ணனை இரண்டு வரி போதும். முகலாயப் பேரரசர் தினமும் காலையில் ஜரோகா என்கிற மாடத்தில் நின்று மக்களுக்கு முகம் காட்டுவார். 1657 செப்டம்பரில் ஷாஜகான் நோயில் விழுந்து மாடத்துக்கு வராமல் போனதும், அரசர் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. வங்காளத்திலும் குஜராத்திலும் தக்காணத்திலும் இருந்த மகன்கள் படை திரட்டினார்கள். உங்கள் அரண்மனைக்கும் இப்படி ஒரு பழக்கத்தை வையுங்கள், முதல் அத்தியாயத்திலேயே அதை உடையுங்கள்.

படி 5: முதல் காட்சி

விடியற்காலை. மாடத்துக்குக் கீழே கூட்டம், மேலே யாரும் இல்லை. உள்ளே காய்ச்சலில் அப்பா, பக்கத்தில் அவள், மடியில் முத்திரை. வாசலில் தங்கை வந்து நிற்கிறாள், "அக்கா, அதை என்கிட்ட கொடு" என்கிறாள். அக்கா என்ன சொல்கிறாள் என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.