மலைப்பாதை ஜீப்புக்கு முன் பிரேக் பேட், காலிப்பர் மாற்றுவது எப்படி?

தார், பொலேரோ, ஜிம்னி போன்ற வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். இறக்கத்தில் பாரம் முன்பக்கம் சாய்வதால் அது இன்னும் கூடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் தடம் மாதிரியான பாதைகளில், டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் சீக்கிரம் தேய்வதோடு நிற்காது. சேறும் நைஸான மணலும், பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் அசையும் பாகங்களுக்குள் போய் உட்காரும். அதனால் பழைய பேட் ஏன் அப்படித் தேய்ந்தது என்று பார்த்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். காரணம் அப்படியே இருந்தால் புது பேட்டும் அதே மாதிரி வீணாகும்.

கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, ஸ்பேனர் மற்றும் சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்), சி கிளாம்ப், பிரேக் கிளீனர், கம்பி பிரஷ், பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ், மூடி பிரிக்காத புது பிரேக் ஆயில். எந்த ஆயில் என்பது பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்; டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 வேறு வகை, சிலிக்கான் சேர்ந்தது. அதை இவற்றோடு கலக்கவே கூடாது. பேட்டை எப்போதும் இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

வண்டியைத் தூக்குதல்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏர் அடித்து ஊத வேண்டாம். பிரேக் தூசி மூச்சில் போகக் கூடாதது.

பழைய பேட்டைப் படித்தல்

காலிப்பர் ஸ்லைடு பின்கள் என்ற இரண்டு கம்பிகள்மேல்தான் நகரும். அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்லைடு பின் போல்ட்டுகளில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால், பல வண்டிகளில் காலிப்பரை மேல்நோக்கித் திருப்பிவிடலாம். முழுதாகக் கழற்றினால் கம்பியால் சேஸிஸில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆயில் வரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் பாரம் விழக் கூடாது.

இரண்டு பேட்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். உராயும் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். ஆனால் தேய்ந்த விதம்தான் முக்கியம். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் காலிப்பர் நன்றாக இருக்கிறது. உள்பக்க பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும், அல்லது காலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டன் திரும்பாமல் நின்றிருக்கும். ஒரே பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சேற்றில் ஓடும் வண்டிகளில் பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடிப்பது அடிக்கடி நடக்கும்.

டிஸ்க்கையும் விட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சத் தடிமன் வழக்கமாக டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால், ஆழமான கோடுகளோ விரிசலோ இருந்தால் டிஸ்க்கும் மாற வேண்டும்.

காலிப்பர் மாற வேண்டுமா?

காலிப்பரில் ஆயிலும் காற்றும் வெளியேற இருக்கும் பிளீடர் நிப்பிளில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விடுங்கள். பழைய பேட்டை பிஸ்டன்மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். பிஸ்டன் சீராக உள்ளே போனால் நல்லது. போகவில்லையென்றால் நிப்பிளைத் திறந்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். இப்போது எளிதாகப் போனால் குற்றம் காலிப்பரில் இல்லை. ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஆயிலைத் திரும்பவிடாமல் அடைத்திருக்கக்கூடும். இதைப் பார்க்காமல் காலிப்பருக்குக் காசு கொடுப்பவர்கள் நிறைய. பிஸ்டன் உள்ளே போனதும், அழுத்தம் குறைவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிடுங்கள்.

நிப்பிள் திறந்தும் பிஸ்டன் நகரவில்லை, அல்லது பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசிகிறது, பிஸ்டனில் துருவும் குழிகளும் தெரிகின்றன என்றால் காலிப்பரையே மாற்றுங்கள். பூட் மட்டும் கிழிந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால் சீல் கிட் போதும்.

புது காலிப்பரில் இடது, வலது பார்த்துப் போடுங்கள். பிளீடர் நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் நிப்பிள் கீழே போய், மேலே தங்கும் காற்றை எத்தனை தடவை முயன்றாலும் எடுக்க முடியாது. ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாஷர்கள் புதிதாக இருக்கட்டும்.

புது பேட் பொருத்துதல்

பேட் உட்காரும் இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் துருவில்லாமல் தேய்த்து, புது கிளிப்புகளைப் போடுங்கள். ஸ்லைடு பின்களைத் துடைத்து சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம். ரப்பர் பூட் உப்பிவிடும். பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளி கிரீஸோ ஆயிலோ படக் கூடாது. போல்ட்டுகளை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் ஆயில் ஏறி வழியலாம், கவனம். பெயிண்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுத்தல்

ஹோஸைக் கழற்றியிருந்தாலோ காலிப்பரை மாற்றியிருந்தாலோ ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் இந்த வேலை கட்டாயம். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தருகே. "அழுத்து" என்றதும் அவர் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். டியூபில் குமிழி வருவது நிற்கும் வரை தொடருங்கள். இடையிடையே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருங்கள், காலியாகிவிட்டால் மறுபடி காற்று புகும். அப்படிப் புகுந்து ஏபிஎஸ் யூனிட் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பாகம்) வரை போய்விட்டால் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

மலையில் ஓட்டுபவர்கள் ஆயிலை இந்தச் சமயத்திலேயே முழுக்க மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலைக்கான அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகி பெடல் தரை வரை போகும். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஓட்டும் முன்பு

சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்கு முறையில் இறுக்குங்கள். வண்டி நகர்வதற்கு முன்பே பெடலைப் பலமுறை அழுத்தி, கல் மாதிரி கெட்டியாகும்வரை பாருங்கள். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக்கே இருக்காது. இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் நிற்கும்.

அப்புறம் ஆளில்லாத ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். பத்துத் தடவை செய்யுங்கள், நடுவில் ஆற விடுங்கள். அப்போதுதான் பேட் டிஸ்க்கோடு பழகும். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டாலோ இரண்டு பக்கத்து ஸ்லைடு பின்களையும் திரும்பப் பாருங்கள். முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். ஓடை தாண்டும் பயணம் போய் வந்தால், காய்வதற்குள் காலிப்பர் பக்கம் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவிவிடுங்கள். கூடவே பின் டிரம்மையும் திறந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள், அதற்குள் தங்கும் சேறு வெளியே தெரியாது.