பட்டாணிக்கு வீடு பார்த்த விதம்

ஐப்பசி மழையில், மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை மழைநீர்க் கால்வாயிலிருந்து நாய்க்குட்டி பட்டாணியைத் தூக்கி வந்தபோது அவளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும். மார்கழி பாதியில் அவளுக்கென்று ஒரு வீடு அமைந்தது. அதற்குள் பதினான்கு பேரிடம் ‘வேண்டாங்க’ என்று சொல்லியிருந்தேன். குட்டியைக் கொஞ்ச காலம் வைத்திருந்து கொடுப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரமே படம் போட்டு ஆள் தேடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி. மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்த ஊசி. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. நடுவில் பூச்சி மருந்து. ஊசி முடியாத குட்டியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டக் கூடாது. பார்வோ வந்து ரத்தபேதி ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம்.

இந்த இடைவெளியில் குட்டியின் குணம் தெரியவரும். நான் எழுதிய விளம்பரம் இதுதான்: “நாட்டு நாய், பெண் குட்டி. ஓயாமல் விளையாடுவாள். கையைக் கடிப்பாள், செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ‘விடு’ என்றால் பத்துக்கு ஆறு முறை விடுவாள்.” இதை ஏன் எழுதினாய் என்று அக்கா கோபித்துக்கொண்டாள். பால்பல் விழுந்து முளைக்கும் ஆறாவது ஏழாவது மாதம் வரை எல்லாக் குட்டியும் வாய் வைக்கும். அதை மறைத்துக் கொடுத்தால் பத்தே நாளில் தெருவில் விட்டுவிடுவார்கள்.

பெண் குட்டி என்றதுமே பாதிப் பேர் போனை வைத்தார்கள். குட்டி போடுமே என்ற பயம். ஆறு மாதத்துக்குமேல் டாக்டரிடம் கேட்டுக் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சிலர் மனம் மாறுகிறார்கள்.

போனில் ‘நல்லா பாத்துப்பீங்களா?’ என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் ஆமாம் என்பார்கள். ‘நேத்து மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுல யார் இருந்தாங்க?’ என்று கேளுங்கள். ‘பொங்கலுக்கு ஊருக்குப் போனா இவளை எங்க விடுவீங்க?’ என்று கேளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நானே பேசிவிடுவேன். காவலுக்கு வேண்டும், வாசலில் கட்டிப்போடுவோம் என்றவர்களுக்கு அத்தோடு சரி. பட்டாணியைக் கட்டிப்போட்டால் தொண்டை கிழியக் குரைத்தே ஓய்ந்துபோவாள்.

அடுத்து, குட்டியோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, பால்கனிக் கம்பிக்குள் தலை நுழையுமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், குட்டியை அவிழ்த்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருவது. நங்கநல்லூரில் ஒரு பெரிய தனி வீடு, தோட்டம் எல்லாம் இருந்தது. பட்டாணி லுங்கியைப் பிடித்து இழுத்ததும் அந்த ஐயா காலை உதறினார். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினைந்தாவது, கீழ்க்கட்டளையில் இரண்டே அறை. பாட்டி, அம்மா, காலேஜ் படிக்கிற பெண். பட்டாணி பாட்டியின் முந்தானையைக் கவ்வினாள். பாட்டி கத்தவில்லை, இழுக்கவுமில்லை. அசையாமல் நின்று, “அடியே, அது என் புடவை. இந்தா, இது உனக்கு” என்று பக்கத்தில் கிடந்த தேங்காய் நார்க் கயிற்றை நீட்டினார். முந்தானையை விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடுக்கும்போது ஊசி அட்டையோடு ஒரு தாளும் எழுதிக்கொடுங்கள். நாம் பழக்கிய சொற்களையே அவர்களும் சொல்ல வேண்டும்: ‘உக்காரு’, ‘விடு’, ‘வா’. இல்லாவிட்டால் குட்டி குழம்பிப்போகும். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதையும், சோறோடு என்ன பிசைந்து போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அவள் படுத்திருந்த பழைய துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள், நம் வீட்டு வாசனை இருந்தால் ராத்திரி அழுகை குறையும்.

முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தாருங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதம் வரை அவளுடைய தட்டை நான் எடுத்து வைக்கவில்லை.