வெண்கெண்டையைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

போன மாதம் காட்டுமன்னார்கோவிலில் நான்கு கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கோப்பை நீட்டினார்கள். கொள்ளிடத்து வெண்கெண்டை மீனை மீட்க ஐந்தாண்டுத் திட்டம். முதல் பக்கத்திலேயே "10,000 விரலிகள் இருப்பு செய்தல்"; அதாவது விரல் நீள மீன்குஞ்சுகளை வாங்கி ஆற்றில் விடுவது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதியது அப்படியே!

படிவப் பிழைகளை அலுவலகமே திருப்பி அனுப்பிவிடும். அவற்றை விடுகிறேன்.

சிவப்புப் பட்டியலைச் சட்டம் என்று நினைப்பது

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைச் சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் வெண்கெண்டை இருக்கிறது. அதைக் காட்டி யார் வலையையும் பிடுங்க முடியாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் அட்டவணையில் பெயர் இருந்தால்தான் வழக்கு. 2022 திருத்தத்தில் அட்டவணைகளே மாறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழைய பிரதியைப் பார்த்து எழுதாதீர்கள்.

விரலி விடுவது

ஒரு பண்ணையில் "நாட்டு வெண்கெண்டை" என்று சொல்லிக் கொடுத்த விரலிகளை வாங்கி, மேளம் வைக்காத குறையாக வடவாற்றில் விட்டோம். ரசீதில் மிர்கால் என்றிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் பண்ணைக்காரர். நானும் தலையாட்டினேன்.

பல புத்தகங்களும் அப்படித்தான் சொல்லும். கங்கையிலிருந்து வந்து நம் குளங்களில் வளரும் மிர்காலையும் காவிரியின் வெண்கெண்டையையும் ஒரே அறிவியல் பெயரில் அடைத்துவிடும். பிரித்தெழுதும் ஆய்வாளர்களும் உண்டு. குழப்பம் புத்தகத்தோடு நின்றால் பரவாயில்லை. ஆற்றில் இரண்டும் கலந்து முட்டையிட்டால், அப்புறம் எதை மீட்பது? சட்டத்திலும் இதே இடறல்தான். அந்த ஒரே பெயருக்குத் தடை கேட்டால், குளத்தில் மிர்கால் வளர்க்கிற அத்தனை பேரும் குற்றவாளி. எந்த அரசு கையெழுத்துப் போடும்?

காவிரியின் மேல்பகுதியில் மஷீர் என்ற பெரிய ஆற்றுமீனுக்கு நடந்ததைப் பாருங்கள். மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் குஞ்சு பொரிக்க வைத்த வேறு வகை மஷீரை நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகியது. காவிரிக்கே உரிய ஆரஞ்சுத் துடுப்பு மஷீர் குறைந்துகொண்டே போய், 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது.

அதனால் முதலில் ஆற்று மீனின் துடுப்பு நுனியை நறுக்கி, எரிசாராயத்தில் போட்டு, மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை ஒரு விரலிகூட வேண்டாம். புகைப்படத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நான் அவசரப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருக்கிற சட்டத்தை மறப்பது

வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிக்க 1897-இன் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை வந்தாயிற்று.

ஷட்டரை மறப்பது

கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையின் ஷட்டர் மூடியிருந்தால் கெண்டை எப்படி ஆற்றில் மேலே ஏறும்? நீர்வளத்துறையைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

மீன்பாசி குத்தகையைக் கேட்காதது

ஏரியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை (அதுதான் மீன்பாசி) குத்தகைக்குப் போயிருந்தால் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால்தான் விடுவார். பணம் கட்டியிருக்கிறாரே! அவரோடு மல்லுக்கட்டாமல், குத்தகை முடியும் தேதியைக் கேட்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஏலத்துக்கு முன்பே நிபந்தனையில் திருத்தம் கேட்கலாம். நான்கு பேரில் ஒரு பெண் மட்டும் இதைக் குறித்துக்கொண்டாள்.