கார் பூட் சேலில் கடை போடுகிறீர்களா? முதலில் சில்லறையைச் சேருங்கள்

பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஏதாவது ஒரு வயலிலோ பள்ளி மைதானத்திலோ கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாத சாமான்களை மேசை போட்டு விற்பார்கள். அதுதான் கார் பூட் சேல். முதல்முறை போகிறவர்கள் சாமானைத் துடைப்பதிலும் பெட்டி கட்டுவதிலும் இரண்டு நாளைச் செலவிட்டுவிட்டு, கல்லாவுக்குச் சில்லறை எடுத்துவைக்க மறந்துவிடுவார்கள். போணி ஆகவேண்டிய நேரத்தில் பக்கத்துக் கடைக்காரரிடம் போய் "இருபதுக்குச் சில்லறை இருக்கா?" என்று நிற்பார்கள். அவருக்கும் அதே தட்டுப்பாடுதான்.

கடை திறக்கும்போது மீதி கொடுப்பதற்காகக் கையில் வைத்திருக்கும் இந்தப் பணத்தை அங்கே 'ஃப்ளோட்' என்பார்கள். எவ்வளவு பணம் என்பதைவிட, எந்த நோட்டு, எந்தக் காசு என்பதுதான் இதில் முக்கியம். 100 பவுண்டை ஐந்து இருபதாக வைத்திருப்பவரைவிட, 40 பவுண்டை ஐந்தும் ஒன்றுமாக வைத்திருப்பவர் நிம்மதியாக வியாபாரம் செய்வார்.

முதலில் விலையை ஒழுங்குபடுத்துங்கள்

சில்லறைத் தேவை உங்கள் விலைச்சீட்டிலிருந்தே தொடங்குகிறது. எல்லா விலையையும் 50 பென்ஸின் (ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ்) மடங்குகளில் வையுங்கள்: 50 பென்ஸ், 1 பவுண்டு, 1.50, 2, 3, 5. கடைகளைப் போல 1.99 என்று எழுதாதீர்கள். 75 பென்ஸும் வேண்டாம், அதற்கென்றே 20, 5 பென்ஸ் காசுகளைத் தனியாகச் சுமக்க வேண்டிவரும். 20 பென்ஸுக்கு விற்கும் சின்னப் பொம்மைகள், குழந்தைப் புத்தகங்கள் இருந்தால் "மூன்று எடுத்தால் 50" என்று சேர்த்துவிடுங்கள். இப்படிச் செய்தால் 1, 2, 5, 10 பென்ஸ் காசு எதுவும் தேவைப்படாது.

என்னென்ன, எத்தனை

ஒரு காரில் வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும் புதியவருக்கு 60 பவுண்டு போதும். அதை இப்படிப் பிரியுங்கள்:

- 10 பவுண்டு நோட்டு 1
- 5 பவுண்டு நோட்டு 4 (20 பவுண்டு)
- 1 பவுண்டு காசு 20 (20 பவுண்டு)
- 50 பென்ஸ் காசு 20 (10 பவுண்டு)

காசுகளின் எண்ணிக்கை சும்மா சொன்னதல்ல. வங்கிகள் தரும் பிளாஸ்டிக் காசுப் பையில் ஒரு பவுண்டு 20 பவுண்டுக்கும், 50 பென்ஸ் 10 பவுண்டுக்கும் கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பை வாங்கினால் கணக்கு நேராகிவிடும். இரண்டு பைகளும் சேர்ந்து 335 கிராம்தான், இடுப்பை இழுக்காது.

இது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். கதவு திறந்ததும் முதலில் வருகிறவர்கள் பழம்பொருள் வாங்கி விற்பவர்கள். நீங்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே டார்ச் விளக்கோடு தலையை உள்ளே நீட்டுவார்கள். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பலரின் கையிலும் ஏடிஎம்மிலிருந்து அப்போதுதான் எடுத்த இருபதும் பத்தும்தான் இருக்கும். முதல் ஆள் 3 பவுண்டுச் சாமானுக்கு இருபதை நீட்டுகிறார்: பத்து ஒன்று, ஐந்து ஒன்று, ஒரு பவுண்டு இரண்டு போயிற்று. அடுத்தவர் 1.50க்குப் பத்தை நீட்டுகிறார்: ஐந்து ஒன்று, ஒரு பவுண்டு மூன்று, 50 பென்ஸ் ஒன்று. மூன்றாமவர் 2 பவுண்டுக்கு மறுபடி இருபது: இப்போது வந்த பத்து, ஐந்து ஒன்று, ஒரு பவுண்டு மூன்று. விற்றது 6.50தான். ஆனால் ஐந்து பவுண்டு நோட்டு நான்கில் மூன்று காலி, பத்து ஒன்றுகூட இல்லை.

முதலில் தீர்ந்துபோவது எப்போதும் ஐந்துதான். உங்கள் சாமான்களில் பெரும்பாலானவை 5 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இன்னும் நான்கு ஐந்துகளைச் சேர்த்து 80 பவுண்டாக்கிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குமேல் குடும்பங்கள் வரத் தொடங்கினால் காசும் ஐந்தும் தானாகவே உள்ளே வரும். சிக்கல் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான்.

எங்கே வாங்குவது

சனிக்கிழமை மாலை நினைத்துக்கொண்டால் எதுவும் கிடைக்காது. வியாழனோ வெள்ளியோ உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குப் போங்கள். கணக்கு இல்லாதவருக்குக் காசுப் பை கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் கிளைகள் உண்டு. கிளை பக்கத்தில் இல்லையென்றால் தபால் நிலையக் கவுண்டரில் உங்கள் வங்கி அட்டையை வைத்துப் பணம் எடுக்கும்போது "ஐந்தாகக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் இருபதுதான் வரும். இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே தெரிந்தால், பர்ஸில் சேரும் ஒரு பவுண்டு, 50 பென்ஸ் காசுகளைத் தினமும் ஒரு டப்பாவில் போட்டுவைப்பது எல்லாவற்றிலும் எளிது.

நுழைவுக் கட்டணத்தை இந்த 60இலிருந்து எடுக்காதீர்கள். வாசலில் காருக்கென்று வாங்கும் கட்டணத்தைப் பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள். அதைச் சரியான சில்லறையாகச் சட்டைப்பையில் தனியாக வையுங்கள். காலைத் தேநீர்க் காசும் அங்கேயே இருக்கட்டும்.

எதில் வைப்பது

மேசைமேல் பணப்பெட்டி வேண்டாம். நீங்கள் குனிந்து பெட்டியைத் திறக்கும் நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு போக ஒரு நொடி போதும். ஜிப் வைத்த இடுப்புப் பை வாங்குங்கள். முன் அறையில் காசு, பின் அறையில் ஐந்தும் பத்தும். இருபதுகள் இந்தப் பையிலேயே தங்கிவிடக்கூடாது. இரண்டு மூன்று சேர்ந்ததும் உள்சட்டைப் பைக்கு மாற்றிவிடுங்கள், அவை மீதி கொடுக்க உதவாத நோட்டுகள்.

இப்போதைய நோட்டுகள் பாலிமர், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிரில் விறைத்த விரலோடு ஒரு ஐந்து என்று நினைத்து இரண்டைக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடப்பது. முந்தின இரவே ஒவ்வொன்றாகப் பிரித்து, லேசாகக் கசக்கி அடுக்குங்கள்.

இரண்டு பேர் நின்றால் பணம் ஒருவர் கையில்தான். அது முடியாதென்றால் இரண்டு பை, ஒவ்வொன்றிலும் பாதி. ஒரே பையில் இரண்டு கை போனால் மாலையில் கணக்கு சேராது.

மீதி கொடுக்கும் முறை

வாங்கிய நோட்டை உடனே பைக்குள் செருகாதீர்கள். இதுதான் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். நோட்டை விரலிடுக்கில் தெரியும்படி பிடித்துக்கொண்டு "இருபது தந்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு விலையிலிருந்து மேலே எண்ணிக் கொடுங்கள்: "மூன்று... நான்கு, ஐந்து, பத்து, இருபது." அவர் கைக்கு மீதி போனபின்தான் நோட்டு உள்ளே போகவேண்டும். "நான் இருபது கொடுத்தேன், பத்துக்குத்தான் மீதி தந்தாய்" என்ற தகராறு இதோடு நின்றுவிடும்.

மீதி எண்ணும்போது நடுவில் "இந்தா, இந்தப் பத்தை வைத்துக்கொண்டு அந்த இருபதைத் திருப்பிக் கொடு, இல்லை, ரெண்டு ஐந்தாகக் கொடு" என்று ஒருவர் மாற்றி மாற்றிக் கேட்டால் அது குழப்பிப் பணம் பறிக்கும் பழைய வித்தை. எல்லாவற்றையும் நிறுத்தி, அவர் பணத்தை அவரிடமும் உங்கள் பணத்தை உங்களிடமும் சேர்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். கோபப்பட்டால் படட்டும்.

50 பவுண்டு நோட்டை வாங்கவே வேண்டாம். உங்கள் ஃப்ளோட் முழுக்க ஒரே ஆளோடு போய்விடும்.

செல்லாத பணம்

காகித நோட்டு எதையும் வாங்காதீர்கள். காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. வைத்திருப்பவர் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் மேசையில் அல்ல. மன்னர் சார்ல்ஸ் படம் போட்ட நோட்டுகள் 2024 ஜூன் 5 முதல் வந்தாலும், ராணி படம் போட்ட பாலிமர் நோட்டுகள் தொடர்ந்து செல்லும்.

பாலிமர் இருபதை வாங்கும்போது நோட்டில் கண்ணாடிபோல ஊடே தெரியும் ஜன்னலைப் பாருங்கள்: முன்பக்கம் நீலமும் பொன்னிறமும், பின்பக்கம் வெள்ளி நிறம். நோட்டைச் சாய்த்தால் ஹோலோகிராமில் 'ட்வென்ட்டி' என்ற சொல் 'பவுண்ட்ஸ்' என்று மாறும்.

காசில் கண்ணைவிடக் கட்டைவிரலை நம்புங்கள். ஒரு பவுண்டு காசுக்கு 12 பக்கம். வட்டமான பழைய ஒரு பவுண்டு 2017 அக்டோபர் 15க்குப் பிறகு செல்லாது. ஒரு ஈரோ காசுக்கும் வெளியே பொன், உள்ளே வெள்ளி என்று அதே நிறம்தான், ஆனால் அது வட்டம். கைநிறையக் காசைக் கொட்டினால் விளிம்பைத் தடவிக்கொண்டே எண்ணுங்கள்.

வங்கிப் பரிமாற்றம் செய்கிறேன் என்பவரிடம், அவர் போன் திரையைப் பார்த்து நம்பாமல் உங்கள் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்தபின் சாமானைக் கொடுங்கள். வயல்களில் சிக்னல் மோசமாக இருக்கும் என்பதால் இதை நம்பி ஃப்ளோட்டைக் குறைக்க முடியாது.

மாலையில்

கிளம்புமுன் "ஃப்ளோட் 60" என்று ஒரு சீட்டில் எழுதிப் பையிலேயே வைத்திருங்கள். வீட்டுக்கு வந்து மொத்தத்தை எண்ணி 60ஐக் கழித்தால் விற்பனை. அதிலிருந்து நுழைவுக் கட்டணத்தையும் பெட்ரோலையும் கழித்தால் லாபம். கணக்கு ஏழெட்டுப் பவுண்டு உதைத்தால் பெரும்பாலும் நடுவில் அந்தப் பையிலிருந்து வாங்கித் தின்ற பர்கர்தான் காரணம்.

எண்ணி முடித்த கையோடு அடுத்த முறைக்கான ஃப்ளோட்டையும் கட்டிவிடுங்கள். அன்று இரவு உங்களிடம் ஐந்தும் ஒன்றும் 50 பென்ஸும் குவிந்து கிடக்கும். தேவையானதை எண்ணிப் பையில் போட்டு, இருபதுகளை மட்டும் வங்கிக்குக் கொண்டுபோங்கள்.